சும்மா எழுதிய மன்னிப்பு

வக்கீல் அருள்ஜோதி அந்தத் தாளைப் பையிலிருந்து எடுத்து மேசையில் விரித்ததுமே மேகலாவுக்குத் தெரிந்துவிட்டது, அதை எந்த மனிதக் கையும் எழுதவில்லை என்று.

அவள் கண் நேராகப் போய் ஒரு 'ழ'வின் மேல் நின்றது. வளைவை முடித்த பேனா, வாலை இறக்குவதற்கு முன் ஒரு கணம் தயங்கி, அப்புறம்தான் இறங்கியிருந்தது. அந்தத் தயக்கம் மேகலாவுடையது. பள்ளிக்கூட நாளிலிருந்தே அவள் கை அப்படித்தான் எழுதும். தெருவில் முன்னால் போகிற யாரோ ஒருத்தி தன் நடையை அப்படியே நடந்து போவதைப் பார்த்தால் எப்படித் திக்கென்று இருக்கும், அப்படி இருந்தது அவளுக்கு.

"படிச்சுப் பாருங்க மேடம்," என்றாள் அருள்ஜோதி.

"அம்மா, உங்க முகத்துல முழிக்கவே எனக்குத் தகுதி இல்லைங்க. அன்னைக்குக் காலைல பிரேக்கைப் பார்க்க வேண்டியது என் வேலை. மறந்துட்டேன். என் மறதியால உங்க பொண்ணோட வாழ்க்கை போயிருச்சு. என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்கக்கூட வாய் வரலீங்க." நடுவே ஒரு வார்த்தையை எழுதி அடித்திருந்தது. வரிகள் போகப் போகக் கீழே சரிந்திருந்தன. கடைசியில் சென்னியப்பன், லிப்ட் மெக்கானிக் என்று ஒரு கையெழுத்து.

சரவணம்பட்டிப் பக்கம் ஒரு அடுக்குமாடியில் லிப்ட் விழுந்து பிரதீபா என்கிற பெண் செத்துப்போனது கோயமுத்தூரில் எல்லோருக்கும் தெரியும். வீட்டில் அம்மா சமைக்கிற மதியச் சாப்பாட்டைக் கேரியரில் எடுத்துக்கொண்டு, வீடு வீடாகக் கொடுக்கப் போன பெண். லிப்டைப் போட்டது வான்படி என்கிற கம்பெனி. விசாரணை ஆரம்பித்த புதிதில் கம்பெனி மேல்தான் எல்லோருக்கும் கோபம். இந்தக் கடிதம் வந்ததும் கோபம் திசை மாறிவிட்டது. பாவம், மெக்கானிக் மறந்துவிட்டான், அவனே ஒத்துக்கொண்டு அழுது எழுதிவிட்டான், பெண்ணைப் பெற்றவளும் மன்னித்துவிட்டாள். அப்புறம் யார் என்ன கேட்க?

"நான் அந்தக் குடியிருப்புக்காரங்க பக்கம் ஆஜராகிறேன்," என்றாள் அருள்ஜோதி. "அதே மாதிரி லிப்டுல அவங்க தினமும் ஏறி இறங்கறாங்க. பிரேக்கே மட்டமான சரக்குன்னு எங்களுக்குச் சந்தேகம். ஆனா இந்தத் தாள் இருக்கற வரைக்கும் எங்க பேச்சு எடுபடாது. கையெழுத்து நிபுணர் இது சென்னியப்பன் கைதான்னு சொல்லிட்டார். நீங்க சொல்லுங்க. உங்க சும்மாவால இப்படி எழுத முடியுமா?"

சும்மா என்பது மேகலா செய்த எழுத்துரு.

அதை ஆரம்பித்தபோது அவளுக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. கணினியில் வருகிற தமிழெழுத்து எல்லாம் கல்யாண வீட்டுக்கு இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து விறைப்பாக நிற்கிற மாதிரி இருக்கிறதே, வீட்டில் லுங்கியோடு உட்கார்ந்திருக்கிற மாதிரி ஒன்று வேண்டாமா என்று. தன் கையையே மாதிரியாக வைத்து வரைந்தாள். கொம்பு முழுசாகச் சுருளாது. புள்ளி, எழுத்தின் உச்சியில் விழாமல் கொஞ்சம் வலப்பக்கம் தள்ளி விழும். 'ணை'யும் 'லை'யும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும். ஒரு 'அ' போல இன்னொரு 'அ' வராது. பேனா மெஷினோடு இணைத்தால் உண்மையான மையால், தாளில் அழுத்தம் விழ எழுதும். ஊறுகாய் பாட்டில், இட்லிக் கடைப் பலகை, வளைகாப்பு அழைப்பு, கேக் பெட்டி என்று எங்கு பார்த்தாலும் சும்மாதான். ஊர் முழுக்கத் தன் கை கிறுக்கிவைத்திருப்பதைப் பார்த்து மேகலா கொஞ்ச காலம் கால் தரையில் படாமல் திரிந்தாள்.

அப்புறம் காலம் மாறியது. குரலையும் முகத்தையும் மெஷின் அச்சு அசலாகச் செய்துவிடுகிறது என்றானதும், வீடியோவையும் போன் பேச்சையும் யாரும் நம்புவதில்லை. பெண் பார்க்கப் போகிறவர்கள்கூட நாலு வரி எழுதி அனுப்பச் சொன்னார்கள். பேனா பிடித்து எழுதின தாள் ஒன்றுதான் மனிதன் தொட்டது என்று நீதிமன்றமே எடுத்துக்கொண்டது. அந்த நேரத்தில்தான் சும்மாவுக்கு மனநிலைகள் வந்தன. மகிழ்ச்சி, அவசரம், பாசம், கடைசியாகத் தலைகுனிவு. பத்து வரி கொடுத்தால் எந்த ஆளின் கையெழுத்துச் சாயலும் வந்துவிடும். எந்த நிபுணராலும் கண்டுபிடிக்க முடியாது; அது அந்த அளவுக்குப் போகும் என்று வெளியே அவ்வளவாக யாருக்கும் தெரியவும் தெரியாது. அடியில் மட்டும் மேகலாவின் கை இருந்துகொண்டே இருக்கும், பாலில் கலந்த தண்ணீர் மாதிரி. அதை அவள் ஒருத்தியால்தான் பார்க்க முடியும்.

"மேடம்?" என்றாள் அருள்ஜோதி.

மேகலா தாளைத் திருப்பிப் பார்ப்பதுபோல் பார்த்தாள். வான்படி நேரடியாக அவர்கள் வாடிக்கையாளர் இல்லை. ஆனால் கம்பெனிகள் சார்பில் வாடிக்கையாளருக்கு மடல் எழுதித் தரும் சேவை ஒன்றுக்கு அவர்கள் சும்மாவை மொத்தமாகக் கொடுத்திருந்தார்கள். அந்த ஒப்பந்தத்தில்தான் அலுவலகமே ஓடியது. அதைவிட, உண்மையைச் சொன்னால் ஊரில் உள்ள அத்தனை கையெழுத்துமே சந்தேகத்துக்கு ஆளாகும். அதற்குக் காரணம் மேகலா என்றாகும்.

"உறுதியாச் சொல்ல முடியாதுங்க," என்றாள்.

"கொஞ்சம்கூடவா?"

"நல்ல நிபுணரே சொல்லியிருக்காரே. நான் என்ன புதுசா சொல்லிடப் போறேன்?"

அருள்ஜோதி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள். "தண்ணி கொஞ்சம் கிடைக்குமாங்க?" என்று கேட்டாள். மேகலா எடுத்துக் கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, நன்றி சொல்லிப் போனாள். அவள் கோபித்துக்கொண்டு போயிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது மேகலாவுக்கு.

பங்குதாரன் ரியாஸ் விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினான்.

"நீ சொன்னதுதான் சரி. நாம எழுத்தைத்தான் விக்கறோம். எழுதறவன் என்ன எழுதறான்னு பேனாக் கம்பெனி பார்த்துட்டா இருக்கு?"

"பேனா தானா அழாது ரியாஸ். இது அழுதிருக்கு. நடுவுல ஒரு வார்த்தைய எழுதி அடிச்சிருந்துச்சு. எங்கே அடிச்சா படிக்கறவங்க தொண்டை அடைக்கும்னு அதுக்குத் தெரியும். நான்தான் கத்துக்கொடுத்தேன்."

"அப்படி எழுதணும்னுதானே வாங்கறாங்க."

"ஆமா. நான்தான் எழுதியும் வெச்சேனே."

எழுதித்தான் வைத்திருந்தாள். எழுத்துருவோடு கொடுக்கிற வழிகாட்டியில், 'எங்கே பொருந்தும்' என்ற தலைப்பின் கீழ். சின்னச் சின்ன வாசகங்களுக்கு, நன்றி சொல்ல, உணவுப் பட்டியலுக்கு, அழைப்பிதழுக்கு. நீளமான கட்டுரைக்கு வேண்டாம், மருந்துச் சீட்டுக்கு வேண்டவே வேண்டாம். எல்லாவற்றுக்கும் கடைசியில், 'மனம் திறந்து மன்னிப்புக் கேட்க இதைவிடப் பொருத்தமான எழுத்து இல்லை.' அந்த வரியை எழுதின நாளில் ரியாஸைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினாள். இப்போது அதை நினைத்ததும் காது சுட்டது.

மழைக்காலம் முடிவதற்குள் வான்படியின் இன்னொரு லிப்ட் விழுந்தது. ஒப்பணக்காரத் தெருவில் ஒரு ஜவுளிக்கடையில். இரண்டாவது மாடியிலிருந்துதான் விழுந்ததால் உயிர்ச்சேதம் இல்லை. பேத்தி சீருக்குப் புடவை எடுக்க வந்த பெரியவர் ஒருவருக்கு இரண்டு காலும் போயிற்று. கொஞ்ச நாளில் அவருடைய மகன், அந்த லிப்ட் மெக்கானிக் அனுப்பியிருந்த கடிதத்தைப் படம் பிடித்து ஊருக்குக் காட்டினான். 'இந்தக் காலத்திலும் மனசாட்சி உள்ள மனிதர்கள் இருக்கிறார்கள்' என்று மேலே போட்டிருந்தான்.

மேகலா அதைப் பெரிதாக்கிப் பார்த்தாள். வேறு ஆளின் சாயல், வேறு சாய்வு. 'ழ' மட்டும் வால் இறங்குமுன் தயங்கி நின்றது.

அன்று அவள் மேசையில் சாப்பாடு அப்படியே இருந்தது. பெரியவரின் பெயரைக்கூட அவள் தேடிப் பார்க்கவில்லை. தைரியம் வரவில்லை. 'உறுதியாச் சொல்ல முடியாதுங்க' என்று தான் சொன்ன குரல் மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டது. எவ்வளவு பதவிசாகச் சொல்லியிருக்கிறாள்!

மறுநாள் காலையில் அருள்ஜோதிக்குப் போன் செய்தாள். "அந்தக் கடிதம் சும்மா எழுதினது. அன்னைக்கே எனக்குத் தெரியும்."



"விசாரணை அதிகாரி முன்னாடி வந்து சொல்வீங்களா?"

"சொல்றேன். அதுக்கு முன்னாடி அந்த சென்னியப்பனைப் பார்க்கணும். பண்ணாத தப்பைத் தலைமேல போட்டுக்கிட்டு வேலையும் போயி உட்கார்ந்திருக்காரே."

"அவரைப் பார்க்கணும்னா தெய்வானையம்மா வீட்டுக்குப் போங்க," என்றாள் அருள்ஜோதி. "செத்துப்போன பொண்ணோட அம்மா. அவர் அங்கேதான் இருப்பார்."

கணபதியில் சந்துக்குள் சந்தாக இருந்தது அந்த வீடு. வாசலில் சாப்பாட்டுக் கேரியர்கள் கழுவிக் கவிழ்த்திருந்தன. சுவரில் அன்றைய சாப்பாட்டு விவரம் ஒட்டியிருந்தது. அரிசியும்பருப்புஞ்சாதம், தட்டப்பயறுக் குழம்பு, முட்டைக்கோஸ் பொரியல். சும்மா எழுத்தில்தான் அச்சடித்திருந்தார்கள். இந்த மாதிரி ஒரு வீட்டுக்குத்தான் அவள் அதைச் செய்தாள். வேறொரு நாளாக இருந்தால் நின்று ரசித்திருப்பாள்.

பின்கட்டில் ஒருவன் குத்துக்காலிட்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான். முப்பது வயது இருக்கும். ஒல்லியான ஆள், கைவிரல்களில் மட்டும் கிரீஸ் கறை போகாமல் தங்கியிருந்தது. அவன்தான் சென்னியப்பன். தெய்வானை மளிகைக்கடைக்குப் போயிருந்தாள்.

மேகலா தான் யார் என்று சொன்னாள். கடிதத்தைப் பற்றிச் சொன்னாள். "நீங்க அதை எழுதலைன்னு எனக்குத் தெரியும். நான் வந்து சொல்லிடறேன். உங்க மேல இருக்கற பழி போயிரும்," என்றாள்.

அவன் முகம் மலரும் என்று எதிர்பார்த்தாள். அவன் கையிலிருந்த வெங்காயம் நழுவி உருண்டது.

"வேண்டாமுங்க," என்றான்.

"என்னது?"

"உங்க காலைப் புடிச்சுக் கேக்கறனுங்க. அதைச் சொல்லிப் போடாதீங்க."

மேகலாவுக்கு ஒன்றும் புரியவில்லை. அவன் வாசல் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தான்.

"லிப்ட் விழுந்த அப்புறம் எனக்குப் புத்தி பேதலிச்சாப்ல இருந்ததுங்க. கம்பெனியில கூப்புட்டு, உன் பேர்ல ஒரு லெட்டர் போயிருக்குது, அந்தம்மா மன்னிச்சுட்டாங்க, நீ எதையும் கெடுத்துப் போடாதேன்னாங்க. எனக்கு என்ன லெட்டர்னே தெரியாது. அம்மாவே என்னையப் பார்க்கோணும்னு ஆளு வுட்டாங்க. நான் எழுதலீங்கன்னு சொல்லிப்போடலாம்னுதான் வந்தனுங்க. வந்து இந்த வாசல்ல நின்னன். 'சாப்டியா கண்ணு'ன்னு கேட்டாங்க. அதுக்கு மேல எப்படீங்க சொல்லுவன்?"

"அப்புறமாச்சும் சொல்லியிருக்கலாமே?"

"தெனமும் சொல்லோணும்னுதான் வர்றனுங்க. பிரதீபா தூக்கிட்டுப் போன கேரியரை இப்ப நான் தூக்கிட்டுப் போறன். படியேறித்தான் போவன். வந்தா சோறு போடறாங்க. அந்தச் சோத்தை ஒவ்வொரு வாயும் திருடித் திங்கறாப்லதானுங்க திங்கறன்."

"நீங்க திருடல சென்னியப்பன். நீங்க எதுவும் மறக்கல, உங்க மேல தப்பே இல்லைன்னு ஆகப்போகுது."

அவன் தலையை ஆட்டினான். "அதானுங்க உங்களுக்குத் தெரியலை," என்றான். "நான் மறக்கலீங்க. அன்னைக்குக் காலைல பார்த்தன். பிரேக் கட்டை தேஞ்சு போயி நின்னுது. போட்டு ஆறு மாசம்கூட ஆகலை. மேல போன் போட்டுச் சொன்னனுங்க. புதுசு வர ரெண்டு வாரம் ஆகும், அதுவரைக்கும் ஓட்டு, நிறுத்தினா குடியிருக்கறவங்க சத்தம் போடுவாங்கன்னாரு மேனேஜர். சாவி என் கையிலதான் இருந்துச்சுங்க. ஒரு திருகு திருகினா லிப்ட் நின்னுருக்கும். நான் திருகலீங்க. வேலை போயிருமோன்னு பயம். கீழ இறங்கறப்ப அந்தப் பொண்ணு கேரியரோட எதுத்தாப்ல வந்துச்சு. 'அண்ணா, லிப்ட் ஓடுதா?'ன்னு கேட்டுச்சு. ஓடுதும்மான்னு சொன்னன்."

மேகலா அங்கிருந்த மணைப்பலகையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அந்த லெட்டர்ல இருக்கறவன் மறந்து போனவனுங்க. மறந்தவனை மன்னிக்கலாம். தெரிஞ்சே உட்டவனை யாருங்க மன்னிப்பாங்க? அந்த மெஷினு என்னை நல்லவனா எழுதிப்போட்டுது."

அவனுக்கு விடுதலை கொண்டுவந்ததாக நினைத்துக்கொண்டு வந்திருந்தாள் மேகலா. அவன் ஒளிந்துகொள்ள ஒரு இடத்தை அவள்தான் செய்து கொடுத்திருக்கிறாள் என்று இப்போது தெரிந்தது. கம்பெனிக்கும் அதே இடம்தான். பிரேக் தேய்ந்தது தெரியும் என்பது வெளியே வந்தால் மாட்டப்போவது வான்படி. ஒரு பொய்க் கடிதத்தின் பின்னால் இத்தனை பேர் நின்றுகொண்டிருந்தார்கள். அவளும் சேர்த்து.

"ஒப்பணக்காரத் தெருவுல ஒருத்தருக்குக் கால் போயிருச்சு," என்றாள். "அதே பிரேக்கா?"

"அதேதானுங்க." அவன் தரையைப் பார்த்தபடி சொன்னான். "கேள்விப்பட்டன்."

"எனக்கு முதல்லயே தெரியும் சென்னியப்பன். வக்கீல் வந்து கேட்டாங்க. தெரியாதுன்னுட்டேன். அன்னைக்குச் சொல்லியிருந்தா அந்தக் கடை லிப்டை நிறுத்தியிருப்பாங்க."

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. அடுப்பில் ஏதோ கொதித்துக்கொண்டிருந்தது. அவன்தான் எழுந்து போய்த் தணலைக் குறைத்துவிட்டு வந்தான்.

"அம்மா வரட்டுமுங்க," என்றான்.

தெய்வானை இரண்டு கையிலும் பையோடு வந்தாள். ஐம்பதைத் தாண்டியவள், நல்ல உயரம். மேகலாவைப் பார்த்ததும், "சாப்பாட்டுக்குச் சொல்ல வந்தீங்ளா அம்மணி?" என்றாள்.

மேகலா சொல்ல ஆரம்பித்தாள். நிதானமாகச் சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் மனத்துக்குள் கோத்துக்கொண்டு வந்திருந்தாள். சும்மா என்றால் என்ன, பத்து வரியிலிருந்து ஒரு ஆளின் கையை அது எப்படிக் கற்றுக்கொள்கிறது, பேனா எங்கே அழுந்தும், எங்கே நடுங்கும், தலைகுனிவு என்ற நிலையில் வரிகள் ஏன் சரிகின்றன, தன் 'ழ' எப்படி அடியில் நிற்கிறது. வார்த்தைகளை இன்னொரு மெஷின் போட்டது, சும்மா எழுத்தை மட்டும்தான் போட்டது என்பதையும் விளக்கினாள். தெய்வானை பைகளைக் கீழே வைக்காமலே கேட்டுக்கொண்டு நின்றாள்.

"அப்ப நீ எழுதலையா சென்னி?" என்றாள் கடைசியில்.

"இல்லீங்கம்மா."

"மறந்துட்டேன்னு இருந்துச்சே?"

அவன் சொன்னான். மேகலாவிடம் சொன்ன அளவுக்குக்கூட வார்த்தை வரவில்லை. தேய்ந்திருந்தது, சொன்னேன், நிறுத்தவில்லை, பிரதீபா கேட்டாள், ஓடுது என்றேன். அவ்வளவுதான்.

தெய்வானை பைகளைக் கீழே வைத்தாள். ஒரு பையிலிருந்து தக்காளி ஒன்று வெளியே வந்தது. அதை எடுத்து உள்ளே போட்டாள். போட்ட கை அங்கேயே நின்றது.

"ஓடுதுன்னா சொன்னே," என்றாள்.

அவன் அழுதான். அவள் அவனைத் தேற்றவில்லை. திட்டவும் இல்லை. மதியச் சாப்பாட்டுக்கு நேரம் ஆகிவிட்டிருந்தது. அவளே கேரியர்களை நிரப்பினாள். அவன் எடுக்க வந்தபோது, "வேண்டாம், வெச்சுடு," என்றாள். "அதிகாரிகிட்டப் போயி இதை அப்படியே சொல்லு. சொல்ற வரைக்கும் இந்தப் பக்கம் வராதே. சொன்ன பெறகு வரலாமா வேண்டாமான்னு எனக்கே இப்பத் தெரியலை."

மேகலா எழுந்தாள். தன் முறை வரும் என்று காத்திருந்தாள். திட்டுவாள், சாபம் விடுவாள், எதுவானாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று.

தெய்வானை அவளைப் பார்த்தாள். "ஏன் அம்மணி, வந்ததுல இருந்து அந்த எழுத்து எப்படி நிக்கும், எப்படிச் சாயும்னு இவ்வளவு நேரம் சொன்னீங்க. நல்லா வெவரமாத்தான் சொன்னீங்க. அது சரி, நீங்க எதுக்கு வந்தீங்க?"

மேகலா வாயைத் திறந்தாள். மன்னிப்புக் கேட்க எத்தனை விதமான வாசகங்கள் உண்டோ அத்தனையும் அவளுக்குத் தெரியும். மெஷினுக்குப் பழக்குவதற்காக நூற்றுக்கணக்கில் படித்திருக்கிறாள். வாய்க்கு வந்த ஒவ்வொன்றும் எங்கேயோ யாருக்கோ அனுப்பப்பட்டதாகவே இருந்தது. ஒன்றும் சொல்ல முடியாமல், கும்பிடக்கூடத் தோன்றாமல், செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு சந்தில் இறங்கி நடந்தாள்.

அலுவலகத்தில் ரியாஸ் முதலில் கத்தினான். பிறகு கெஞ்சினான். "நீ வாயைத் திறந்தா நம்ம கதை முடிஞ்சுது, தெரியுமில்ல?" என்றான். தெரியும் என்றாள். ஜவுளிக்கடைப் பெரியவரின் பெயர் மாரண்ண கவுண்டர் என்று அவனிடம் சொன்னாள். அன்று காலையில்தான் தேடித் தெரிந்துகொண்டிருந்தாள். ரியாஸ் நாற்காலியில் போய் உட்கார்ந்தான்.

விசாரணை கலெக்டர் அலுவலகத்துக்குப் பின்னால் ஒரு பழைய கட்டடத்தில் நடந்தது. மேகலா முதலில் சாட்சி சொன்னாள். அதிகாரி பொறுமையானவர். கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டார். தாளைப் பெரிதாக்கிப் போட்டு 'ழ'வைக் காட்டச் சொன்னார். மேகலா காட்டினாள். வேறொரு தாளில் எழுதச் சொன்னார், எழுதினாள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இந்தக் கடிதம் முதல்ல உங்ககிட்ட வந்தப்ப தெரியாதுன்னு சொல்லியிருக்கீங்க?"

"ஆமா."

"தெரியாமலா?"

"தெரிஞ்சுதான்."

வான்படியின் வக்கீல் அதைப் பிடித்துக்கொண்டார். அன்றைக்குப் பொய் சொன்னவர் இன்றைக்கு மட்டும் ஏன் உண்மை சொல்ல வேண்டும் என்றார். அறையில் சிலர் சிரித்தார்கள்.  அவர் கேட்டது நியாயம்தான் என்று அவளுக்கே பட்டது.

அடுத்து சென்னியப்பன். வீட்டிலேயே எழுதிக் கொண்டுவந்திருந்த தாளை இரண்டு கையாலும் நீட்டினான். அதிகாரி அதை வாங்கவில்லை.

"இதை நான் எடுத்துக்க முடியாதப்பா. இப்பத்தான் இந்தம்மா சொல்லிட்டுப் போனாங்க. இனிமே யார் எழுதினதுன்னு எதை வெச்சு நான் நம்பறது? எந்த நீதிமன்றமும் வாங்காது. என்ன சொல்லணுமோ அதை இங்கே நின்னு வாயால சொல்லு. எல்லாரும் பார்க்கட்டும்."

அவன் திரும்பிப் பார்த்தான். கடைசி வரிசையில் தெய்வானை உட்கார்ந்திருந்தாள். அவள் வருவாள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

அவன் சொன்னான். திக்கித் திக்கி, நடுவில் நிறுத்தித் தண்ணீர் வாங்கிக் குடித்து, வரிசை மாறி, சொன்னதையே திரும்பச் சொல்லி. கேட்டவர் தொண்டை அடைக்கிற மாதிரி ஒன்றும் அதில் இல்லை. மேனேஜர் பெயரைச் சொல்ல வேண்டிய இடத்தில் குரல் அவ்வளவு கீழே போனதால் அதிகாரி இரண்டு முறை கேட்க வேண்டியிருந்தது. பிரதீபா கேட்ட கேள்வியும் தான் சொன்ன பதிலும் வந்த இடத்தில், மேகலா கண்ணை மூடிக்கொண்டாள். தெய்வானை மூடவில்லை.

மாலைக்குள் ஊரில் உள்ள வான்படி லிப்டுகளை எல்லாம் நிறுத்திவைக்கச் சொல்லி உத்தரவு போனது. சென்னியப்பன் மீதும் வழக்கு வரும் என்று அருள்ஜோதி சொன்னாள். அவன் தலையாட்டினான். அதைப் பற்றி அவன் ஒன்றும் கேட்கவில்லை.

வெளியே வேப்பமரத்தடியில் தெய்வானை அவனுக்கு எதிரே வந்து நின்றாள். "அந்த ஐயா வாங்காத தாளு இருக்குதா?" என்றாள்.

அவன் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். அவள் அதைப் பிரித்தாள். படிக்கவில்லை. கொஞ்சம் தள்ளி நின்றிருந்த மேகலாவிடம் கொண்டுவந்து நீட்டினாள்.

"இது அவன் எழுதினதானுங்களா? பார்த்துச் சொல்லுங்க."

மேகலா வாங்கிப் பார்த்தாள். எழுத்துகள் பெரிது பெரிதாக, ஒழுங்காக, பள்ளிக்கூடப் பையன் எழுதின மாதிரி வரிக்குள் அடங்கி நின்றன. நடுக்கம் இல்லை. அடித்தல் இல்லை. பலமுறை எழுதிப் பார்த்துப் பிறகு நன்றாக எழுதியிருக்கிறான். 'ழ' வரும் இடங்களில் எல்லாம் வால் நிற்காமல் ஒரே இழுப்பில் இறங்கியிருந்தது.

"அவர் எழுதினதுதாங்க," என்றாள்.

தெய்வானை தாளைத் திருப்பி வாங்கி மடித்தாள். "எம் பொண்ணுக்கு ஆனது என்னன்னு ஒருத்தன் எழுதினா, அது நெசந்தானான்னு உங்ககிட்டக் கேட்க வேண்டியதாப் போச்சு பாருங்க," என்றாள். குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

"மன்னிச்சிருங்க," என்றாள் மேகலா. அவ்வளவு மொட்டையாக, அவ்வளவு சாதாரணமாக அது வந்து விழுந்தது. அதற்கு மேல் ஒட்டிக்கொள்ள ஒரு சொல்லும் வரவில்லை.

தெய்வானை அவளைப் பார்த்தாள். "கேட்டுச்சு," என்றாள்.

கணபதி பஸ் வந்தது. மடித்த தாளை இடுப்பில் செருகிக்கொண்டு அவள் ஏறினாள். சென்னியப்பன் ஏறலாமா கூடாதா என்று தெரியாமல் கீழேயே நின்றான். பஸ் கிளம்பிக் கொஞ்ச தூரம் போய் முக்கில் சிக்னலுக்கு நின்றது. அங்கேயும் அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் பக்கத்து இருக்கை காலியாக இருந்தது வெளியிலிருந்தே தெரிந்தது.